பத்துக்கு எத்தனை

குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் நான் சேர்ந்து எட்டு வருடம் ஆனபோது எங்கள் அறைக்கு ஒரு மேசை கூடுதலாக வந்தது. மேசை வந்து நான்கு நாள் கழித்துத்தான் அதற்குரிய ஆள் வந்தாள். அந்த நான்கு நாளில் நாங்கள் அதன்மேல் சாப்பாட்டு டப்பாக்களை வைத்துப் பழகிவிட்டோம். அதனால் வந்த முதல் நாளே அவள், "இது யாரோட டப்பா?" என்று கேட்க வேண்டியதாயிற்று.

"அநேகமா என்னுது" என்றேன்.

"அநேகமான்னா? பத்துக்கு எத்தனை?"

கேலி செய்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"எட்டு. எல்லா மூடியும் ஒரே மாதிரி இருக்கு."

தலையாட்டிவிட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். திறந்து பார்த்தால் அது பக்கத்து மேசைக்காரருடையது.

அவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு, இருபத்தொன்பது. கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, புள்ளிவிவர உதவியாளர் என்ற தற்காலிகப் பதவியில் வந்திருந்தாள். ஒரு மாதத்துக்குள் அலுவலகம் முழுக்க அவளுக்கு 'ஒருவேளை' என்று பெயர் வைத்துவிட்டது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டாள். மழை வருமா என்றால் பத்துக்கு மூன்று. லிஃப்ட் இன்று ஓடுமா என்றால் பத்துக்கு அரை. எனக்கு ஏற்கெனவே 'கோடு' என்று பெயர். நாள் முழுதும் கோடு போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

இன்று அந்த அறையை நினைத்தால் முதலில் வருவது அம்மோனியா வாசனைதான். மூலையில் இருந்த நகல் இயந்திரம் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். சாய்வான மேசைகள், உயரமான முக்காலிகள். மின்விசிறி சுற்றினால் டிரேசிங் தாள் பறக்கும், சுற்றாவிட்டால் வியர்வை தாளில் சொட்டும். எங்களுக்குப் பிடித்த வேகம் ஒன்றரை, ஆனால் அந்தப் பொத்தானில் ஒன்றும் இரண்டும்தான் இருந்தன. மதியம் பின்பக்க மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவோம். அந்தப் படியில் நாங்கள் பேசாத விஷயம் இல்லை. பேசி முடித்த விஷயமும் இல்லை.

அவளுக்குக் கொடுத்த வேலை புகார்ச் சீட்டுகளைத் தொகுப்பது. பதினேழு வருடச் சீட்டுகள், சாக்குகளில் கட்டி வைத்திருந்தார்கள். 'தண்ணீர் நாறுகிறது', 'கலங்கலாக வருகிறது', 'வரவே இல்லை', 'என்னவோ போல இருக்கிறது'. வேறு யாராவது என்றால் வகை பிரித்து, கூட்டி, மேலே அனுப்பியிருப்பார்கள். அவள் ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால் இருந்த ஆளைத் தேடினாள். புகார் வந்த பிறகு குழாய்க்காரர்கள் போய்ப் பார்த்து என்ன எழுதினார்கள் என்று ஒப்பிட்டாள். ஒரு குடியிருப்பிலிருந்து தினமும் ஒரு அம்மாள் புகார் எழுதியிருந்தாள். அதில் நூற்றுக்கு இரண்டுதான் உண்மை. கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் பதினேழு வருடத்தில் பதினான்கு முறை எழுதியிருந்தார். பன்னிரண்டு முறை அவர் சொன்ன இடத்தில் கோளாறு இருந்தது.

"இந்த மனுஷன் ஒரு சீட்டு எழுதினா அந்த அம்மா எழுதற நாப்பது சீட்டுக்குச் சமம்" என்றாள்.

"அப்ப அந்த அம்மா சீட்ட குப்பையில போட்டுடலாமே?"

"ஏன்? நூத்துக்கு ரெண்டு தடவ சரியா சொல்லியிருக்காங்களே. கொஞ்சமா கேப்போம்."

பிறகு ஒருநாள் என் வரைபடங்களைப் பற்றிக் கேட்டாள். நகரத்தின் எல்லாக் குழாய்களும் இருந்த பழைய துணி வரைபடத்தை நான்தான் மூன்று வருடம் உட்கார்ந்து புதிதாகப் பிரதி எடுத்திருந்தேன். அலுவலகத்தில் அதற்காக எனக்கு ஒரு மரியாதை உண்டு.

"கோடு, இது பத்துக்கு எத்தனை?"

"பத்து" என்றேன், யோசிக்காமல்.

அது பொய். பழைய துணி மடிப்பு விழுந்து கிழிந்திருந்த ஓரிடத்தில் ஒரு அங்குலத்துக்குக் கோடே இல்லை. இந்தப் பக்கத்து முனையையும் அந்தப் பக்கத்து முனையையும் மட்டக்கோல் வைத்து நேராக இணைத்துவிட்டேன். கோடு போட்ட அன்று கொஞ்சம் உறுத்தியது. மறுநாள் மை காய்ந்ததும் அதுவும் மற்றக் கோடுகளைப் போலவே இருந்தது. உறுத்தலும் காய்ந்துவிட்டது.

அந்த வருடக் கோடையின் முடிவில், கடைவீதிக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் மஞ்சள் காமாலை பரவியது. முதலில் ஏழு பேர், பிறகு முப்பது, பிறகு தொண்ணூறு. எங்கோ சாக்கடை நீர் குடிநீர்க் குழாய்க்குள் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. குழாய் வேலைகளுக்குத் தலைமை மேஸ்திரி, இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்து, பூமிக்குள் தண்ணீர் கசிவதைக் கேட்டுச் சொல்லிவிடுவார். இந்த முறை அவராலும் முடியவில்லை.

"வெளிய கசிஞ்சா சத்தம் வரும் தங்கச்சி. குழாய்ல அழுத்தம் இல்லாத நேரம் பாத்து உள்ள இழுத்துக்கிட்டா, அது திருட்டுப் பூனை. சத்தமே போடாது" என்றார்.

எங்கள் வீடும் அந்தப் பகுதியில்தான் இருந்தது. அக்கா, மாமா, அவர்களுடைய ஒன்பது வயது மகள், நான். மாமா அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீட்டில் பேசும்போதும் இடையில் நிறுத்தித் திருத்துவார். அக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தாள். ஆனால் சின்னவள் பள்ளிக்கூடக் குழாயில் வாய் வைத்துக் குடிப்பவள்.

குடிநீர்க் குழாயும் சாக்கடையும் குறுக்கே சந்திக்கும் இடங்கள் என் வரைபடத்தின்படி பதினொன்று. 'ஒருவேளை' என்னிடம் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக வரையச் சொல்லி வாங்கிச் சுவரில் மாட்டினாள். பதினொரு இடத்திலும் வட்டம் போட்டாள். கடையிலிருந்து நூறு குண்டூசி எண்ணி வாங்கி வந்தாள்.

"நூறு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எங்க சந்தேகம் அதிகமோ அங்க ஊசி அதிகம்."

முதலில் குழாயின் வயதையும் ஆழத்தையும் வைத்து ஊசிகளைப் பங்கிட்டாள். பிறகு ஒவ்வொரு தகவலாக எடுத்தாள். ஓட்டை இந்த வட்டத்தில் இருந்தால் இந்த வீட்டில் நாற்றம் வர எவ்வளவு வாய்ப்பு, வேறு வட்டத்தில் இருந்தால் எவ்வளவு? இரண்டும் ஒன்று என்றால் அந்தத் தகவல் எந்த ஊசியையும் நகர்த்தாது. வித்தியாசம் இருந்தால் நகர்த்தும், சொன்னவரின் நம்பகத்துக்கு ஏற்றபடி கொஞ்சமாகவோ அதிகமாகவோ. மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளிகள் பாதிப் பேர் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தார்கள். அதையும் கணக்கில் எடுத்தாள். குளோரின் சோதனைப் பதிவேட்டில் இருபத்தாறு நாளும் ஒரே எண் இருந்தது. அதைப் பார்த்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டாள்.

"இது தண்ணியப் பத்தி ஒண்ணும் சொல்லல. எழுதினவரப் பத்திதான் சொல்லுது."

மேஸ்திரி தினமும் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா குத்துமதிப்பு குத்துமதிப்புன்னு சொல்றோம், இப்பதான் கண்ணால பாக்கறேன்" என்றார். ஒருவேளை வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். மறுபடி பங்கிடுவதற்காகப் பிடுங்கிக் கையில் வைத்திருந்த ஊசிகளெல்லாம் கீழே சிதறி, நூறும் கிடைக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் தரையில் தவழ்ந்தோம். தொண்ணூற்றொன்பது கிடைத்துவிட்டது, நூறாவது மேஸ்திரியின் செருப்பில் குத்தியிருந்தது.

ஒரு வாரத்தில் பள்ளிக்கூட வாசலில் இருந்த வட்டத்தில் நாற்பத்தாறு ஊசி சேர்ந்தது. அடுத்த இடத்துக்கு இருபதுதான். நாங்கள் பெரிய சார் என்று அழைத்த தலைமைப் பொறியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, வெகுநேரம் பார்த்தார். அவர் கறாரான மனிதர், கெட்டவர் இல்லை. தோண்ட உத்தரவு கொடுத்தார்.

இரண்டு நாள் சாலையை மறித்துத் தோண்டினார்கள். குழாய் புதிது போல இருந்தது.

பெரிய சார் எங்கள் அறைக்கே வந்தார்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"அந்த இடத்து மேல சந்தேகம் குறையுது சார். ஆனா முழுசா போகல" என்றாள் ஒருவேளை. "ஓட்டை குழாய்க்கு அடியில இருந்து பத்துக்கு ரெண்டு தடவ கண்ணுக்குப் படாம போயிடும்னு மேஸ்திரியே சொல்றாரு. அதனால நாப்பத்தாறு பதினஞ்சாகுது. அடுத்த இடம் இருபதுலேர்ந்து முப்பத்திரெண்டுக்கு ஏறுது."

"மதில் மேல பூனை மாதிரி பேசாதீங்கம்மா. இருக்கா, இல்லையா?"

"அப்படிச் சொல்லத் தெரிஞ்சா இந்த ஊசி எதுக்கு சார்?"

அவள் திமிராகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அப்படித்தான் கேட்டது. இனி ஊசியை நம்பிச் சாலையைத் தொட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பள்ளிக்கூட வட்டத்திலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மற்ற வட்டங்களில் குத்தினாள். கடைசியில் சுவரிலிருந்து தள்ளி நின்று, "எங்கயோ ஒண்ணு இடிக்குது, கோடு. கடிகாரக்காரர் இந்தக் கோடையில எழுதின சீட்டு எந்த வட்டத்தோடயும் சரியா ஒட்டல. அவரு தப்பா சொல்ற ஆளு இல்ல" என்றாள்.

கடிகாரக்காரரின் கடை ஒரு சலவைக் கடைக்கு எதிரே. நான் நேராக இணைத்த அந்த ஒரு அங்குலம் சலவைக் கடைக்குப் பின்னால். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை சின்னவள் எழுந்திருக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் அவள் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. மருத்துவமனையில் கட்டில் இல்லை. வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். மாமா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த சுகாதார அறிவிப்பில் எழுத்துப்பிழை இருப்பதாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க ஆஃபீஸ்ல கண்டுபிடிச்சிடுவாங்களாடி?" என்று அக்கா கேட்டாள்.

நான் அங்கிருந்தே அலுவலகத்துக்கு நடந்தேன். ஒருவேளை பின்பக்கப் படியில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"வரைபடம் பத்துக்கு எத்தனைன்னு கேட்டியே."

"ஆமா. பத்துன்ன."

"சலவைக் கடைக்குப் பின்னாடி ஒரு அங்குலம். அங்க நாலுகூட இல்ல. துணி கிழிஞ்சிருந்துச்சு. நானா இழுத்துட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, "எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கும்?" என்று கேட்டாள்.

மேஸ்திரியைத் தேடிப் போனோம். அவர் மண்ணில் குச்சியால் கீறிப் பார்த்தார். "சலவைக் கடை வர்றதுக்கு முன்னாடி அங்க ஒரு பழைய கட்டடத்தோட அஸ்திவாரம் இருந்துச்சு. கருங்கல்லு. குழாய் அதுக்குள்ள நேரா போயிருக்காது. சுத்திக்கிட்டுதான் போயிருக்கணும்" என்றார். சுற்றிப் போனால் அது பெரிய சாக்கடையை இன்னோர் இடத்தில் கடக்கும். பன்னிரண்டாவது வட்டம்.

அவள் நூறு ஊசியையும் பிடுங்கி, முதலிலிருந்து தொடங்கினாள். நான் சீட்டுகளைப் படிக்கப் படிக்க அவள் கணக்குப் போட்டாள். மாலை நான்கு மணிக்குப் பன்னிரண்டாவது வட்டத்தில் ஐம்பத்தொன்று நின்றது. கடிகாரக்காரரின் சீட்டுகள் எல்லாம் அங்கே பொருந்தின. தினசரி அம்மாளின் சீட்டுகளில் இரண்டும்கூட.

பெரிய சாரிடம் நான்தான் போனேன். நடந்ததை நின்றுகொண்டே சொன்னேன். அவர் நெடுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு சார்."

"நாலாவது நான். போய்த் தோண்டச் சொல்லு."

மறுநாள் மதியத்துக்கு முன்பே, ஐந்தடி ஆழத்தில், குழாயின் மூட்டு தெரிந்தது. ஈயம் கழன்று, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் மேல் சாக்கடையின் செங்கல் சரிந்து, கறுப்பு நீர் தேங்கிக் கிடந்தது. மேஸ்திரி குழிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். நாற்றம்தான் வந்தது. ஒருவேளை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி மேலே ஏறி வரும்வரை பிடியை விடவில்லை. அதுவரை அவளுக்கும் பயம் இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புதுக் குழாய் போட்ட நான்காம் நாள் கடிகாரக்காரர் மருத்துவமனையில் இறந்துபோனார். மூன்று வாரமாகவே படுக்கையில் இருந்தாராம், எங்களுக்குத் தெரியாது. அன்று மதியம் படியில் உட்கார்ந்து, சாப்பிடாமல், அவளிடம் கேட்டேன்.

"நான் முதல்லயே சொல்லியிருந்தா அவரு பொழச்சிருப்பாரா?"

அவள் யோசித்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"இந்த நோய் உள்ள போய் வெளிய தெரியவே நாலஞ்சு வாரம் ஆகும். சுவர்ல படம் மாட்டினதுக்கப்புறம் நீ கோட்டப் பத்திச் சொல்லாம இருந்தது பத்து நாள். அவரு குடிச்ச தண்ணி அதுக்கு ரொம்ப முன்னாடி. உன்னால இருக்க வாய்ப்பு நூத்துக்கு ஒண்ணுகூட இல்ல."

"அப்ப இல்லன்னு சொல்லு."

"ஒண்ணுகூட இல்லன்னு சொல்றேனே."

"சைபர்னு சொல்லு."

"கோடு, எனக்குத் தெரியாதத எப்படிச் சொல்ல?"

டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பன்னிரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஒரே அறையில், ஆறடி தூரத்தில், ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் வேலை பார்த்தோம். உலகத்தில் எல்லோரும் அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்வார்கள். அக்காவும் மாமாவும் சொன்னார்கள், பெரிய சார்கூடச் சொன்னார். "உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் சொன்னதுகூட மனதில் நிற்கவில்லை. அவள் சொன்ன அந்த 'நூத்துக்கு ஒண்ணுகூட இல்ல' மட்டும் பன்னிரண்டு நாளும் என்னோடு இருந்தது. அதை நம்ப முடிந்தது. மெல்ல மெல்ல அதன்மேல் சாய்ந்து உட்கார முடிந்தது.

பதின்மூன்றாம் நாள் சின்னவள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். இளைத்து, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மறுநாள் நான் டப்பாவை எடுத்துக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தேன். ஒருவேளை ஏற்கெனவே அங்கே இருந்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள்.

அதன் பிறகு அவள் எங்களோடு இருந்தது ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடத்தில் நான் என் வரைபடங்களை எல்லாம் மீண்டும் எடுத்தேன். துணி கிழிந்த இடம், மை கரைந்த இடம், இரண்டு பழைய படங்கள் ஒத்துப்போகாத இடம் எல்லாவற்றையும் புள்ளிக்கோடாக மாற்றினேன். 'அரசாங்க வரைபடத்துல எப்படிம்மா சந்தேகத்த வரைவ?' என்று பெரிய சார் மூன்று மாதம் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். பிறகு மேஸ்திரி ஆட்கள் அந்தப் பிரதிகளைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு மாலை வேறு கோப்புகளோடு கோப்பாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். மொத்தம் நாற்பத்திரண்டு தாள். என் வேலைக்காலத்தில் நான் பெருமைப்பட்டுக்கொள்வது அந்த நாற்பத்திரண்டுக்குத்தான்.

அவளுடைய தற்காலிகப் பதவி தற்காலிகமாகவே முடிந்தது. தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை கிடைத்து, தூரத்து ஊருக்குப் போனாள். முதலில் மாதம் ஒரு கடிதம், பிறகு வருடம் ஒன்று, பிறகு எப்போதாவது தொலைபேசி. எங்கள் அறையில் கணினித் திரைகள் வந்தன, நகல் இயந்திரத்தை எடைக்குப் போட்டார்கள், சாய்வு மேசைகளை யாரோ உணவகத்துக்காரர் வாங்கிப் போனார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

போன வருடம் ரயில் மாறுவதற்காக ஒரு சந்திப்பு நிலையத்தில் இறங்கியபோது அவளைப் பார்த்தேன். முடி முழுக்க வெள்ளை. மூட்டுவலிக்காக முழங்காலில் ஒரு பட்டை. அவளுடைய வண்டிக்கு இன்னும் அரை மணி இருந்தது. சின்னவளுக்கு இரண்டு குழந்தைகள் என்று சொன்னேன். தன் மகன் கணிதத்தில் தோற்றுவிட்டு, நன்றாகச் சமைக்கிறான் என்றாள். பெரிய சாரின் நடையை நான் நடித்துக் காட்ட, அவள் பெஞ்சில் சரிந்து சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு கிழவிகளுக்கு என்ன இப்படிச் சிரிப்பு என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு அவளுடைய வண்டி வேறு நடைமேடைக்கு வருவதாக அறிவித்தார்கள். அவளுக்கு முழங்கால், எனக்கு மூச்சு. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேம்பாலம் ஏறி இறங்கினோம். பெட்டியையும் அவளையும் ஏற்றிவிட்டு ஜன்னலருகே போனபோது, அவள் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, பாதி உரித்தபடி என் கையில் கொடுத்தாள். ஏதோ சொன்னாள், விசில் சத்தத்தில் கேட்கவில்லை. நானும் சரி சரி என்று தலையாட்டினேன். வண்டி நகர்ந்தது.

என் வண்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மீதித் தோலை உரித்து, ஒவ்வொரு சுளையாகத் தின்றேன். நல்ல இனிப்பு.